மொட்டைமாடிப் புறாக் கூண்டு: அலுமினியக் குழாய்களை வீட்டிலேயே இணைப்பது எப்படி?

கல்மண்டபம் மாடிவீட்டுக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். 2016 டிசம்பரில் வர்தா புயல் எங்கள் பழைய மரக்கூண்டைப் பிய்த்தெறிந்த பிறகு, ராயபுரம் வீட்டு மொட்டைமாடியில் இரும்பு ஆங்கிளால் ஒரு புறாக் கூண்டு செய்து வைத்தோம். கடற்காற்று அதையும் விட்டுவைக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை பெயிண்ட் அடித்தும் கால்கள் அப்பளம்போல நொறுங்குகின்றன. ஆகவே இம்முறை அலுமினியம் என்று முடிவெடுத்து, ஜன்னல் சட்டகம் செய்பவர்கள் பயன்படுத்தும் 25 மி.மீ. சதுரக் குழாயை, 1.2 மி.மீ. சுவர்த் தடிமனில் வாங்கி, அளவுக்கு அறுத்தும் வைத்துவிட்டேன்.

இணைப்பதில்தான் தோற்றுப்போனேன். குளிர்பான டின்னில் ஓட்டை போட்டு, ஒரு கம்பியை உருக்கி அரை நிமிடத்தில் அடைத்துக் காட்டும் காணொளியை நம்பி, அந்தத் துத்தநாகக் கம்பிகளையும் ஒரு சிறிய பியூட்டேன் டார்ச்சையும் வாங்கினேன். முதல் முயற்சியில் கம்பி உருண்டையாகத் திரண்டு, சேப்பங்கிழங்கு இலைமேல் தண்ணீர் ஓடுவதுபோல ஓடி விழுந்தது. இரண்டாவது முறை பெரிய டார்ச்சை இரவல் வாங்கிச் சூடேற்றினேன். குழாய் சிவக்கவும் இல்லை, புகையவும் இல்லை, திடீரென்று மூலையே தொய்ந்து உட்கார்ந்துவிட்டது. மூன்றாவது முறை ஒட்டியது. ஆறிய பின் கையால் லேசாக முறுக்கியதும் ஒட்டுப்பொட்டு பிரிவதைப்போல வழுவழுப்பாகப் பிரிந்து வந்தது.

தவறு கம்பியிலா, என்னிடமா? பக்கத்து வீட்டில் இன்வெர்ட்டர் ஆர்க் வெல்டிங் இயந்திரம் இருக்கிறது, அது உதவுமா? முழு வேலையையும் பட்டறையில் கொடுத்துவிட்டால் விரைவில் முடியும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இது என் கையால் செய்ய நினைத்த வேலை.

ஒற்றியூர் வேதியியல் ஆசிரியை:

உங்கள் மூன்று தோல்விகளுக்கும் மூன்று காரணங்கள் இருக்கின்றன. மூன்றும் பாடப் புத்தகத்திலேயே உள்ளவை.

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் கையில் எடுத்த குழாயின் மேற்பரப்பு அலுமினியமே அல்ல; சில நானோமீட்டர் தடிமனுள்ள அலுமினிய ஆக்சைடு. தேய்த்து நீக்கினாலும் காற்றுப் பட்ட மறுகணமே மீண்டும் உருவாகத் தொடங்கும். அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில். அதன்மேல் கிடக்கும் இந்த ஆக்சைடுத் தோலோ 2,072 டிகிரி வரை உருகாது. உங்கள் கம்பி அந்தத் தோலின்மேல் படிந்ததே தவிர, உலோகத்தைத் தொடவே இல்லை. வழுவழுப்பாகப் பிரிந்ததே அதற்குச் சாட்சி.

முதல் தோல்வியில் வெப்பநிலை வேறு, வெப்ப அளவு வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். சிறிய டார்ச்சின் சுடர் ஆயிரம் டிகிரிக்கு மேல் இருந்தாலும் அது தரும் வெப்பம் கொஞ்சம். அலுமினியக் கலவை இரும்பைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், மூலையில் நீங்கள் ஊற்றிய வெப்பமெல்லாம் குழாயின் நீளத்துக்கும் ஓடிவிட்டது. குழாய் குளிர்ந்திருக்கச் சுடரில் கம்பி மட்டும் உருகியது. காணொளியில் வரும் டின்னின் சுவர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அங்கே வெப்பம் ஓடுவதற்கு இடமே இல்லை.

இரண்டாவது தோல்விக்குக் காரணம், அலுமினியம் உருகும் வரையில் பகல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு எந்த நிறமாற்றத்தையும் காட்டாது என்பதுதான். இரும்பு சிவந்து எச்சரிக்கும், இது எச்சரிக்காது. ஜன்னல் சட்டகக் குழாய் பெரும்பாலும் 6063 என்ற கலவை. அது 615 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும்.

சௌகார்பேட்டை பற்றாசு:

அம்மா, ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நகை வேலை. தங்கத்திலும் வெள்ளியிலும் பற்றாசு (உருக்கி இணைக்கும் உலோகம்) ஓடுவதற்கு வெங்காரம் (போராக்ஸ்) தடவுவோம். அழுக்குத் தோலை அது கரைத்துவிடும். அலுமினியத்துக்கும் வெங்காரம் தடவினால் ஆகாதா? நான் ஒரு முறை முயன்று பார்த்தேன், வெங்காரம் பொங்கியதே தவிர ஒன்றும் நடக்கவில்லை. ஏன் என்று இன்று வரை விளங்கவில்லை.

ஒற்றியூர் வேதியியல் ஆசிரியை:

வெங்காரம் நீர் வற்றிக் கண்ணாடிபோல உருகுவதற்கு 743 டிகிரி வேண்டும். அது உருகுவதற்கு முன்பே உங்கள் அலுமினியம் உருகி ஓடிவிடும். அலுமினியத்துக்கென்று ஃபுளோரைடு உப்புகளாலான ஃபிளக்ஸ் இருக்கிறது. ஏறத்தாழ 570 டிகிரியில் உருகி ஆக்சைடைக் கரைக்கும். 12 விழுக்காடு சிலிக்கான் சேர்ந்த அலுமினியக் கம்பி 577 டிகிரியில் உருகுகிறது. கார் ரேடியேட்டர்களை இதே வகை ஃபிளக்ஸையும் அலுமினிய-சிலிக்கான் கலவையையும் வைத்துத்தான் உலையில் இணைக்கிறார்கள். ஆனால் கம்பி உருகுவதற்கும் குழாய் தொய்வதற்கும் இடையில் நாற்பது டிகிரிகூட இல்லை. உலையில் அது முடியும். மாடியில், காற்றில், கையில் பிடித்த டார்ச்சில் மிகவும் கடினம். அந்த ஃபிளக்ஸின் புகையும் நுரையீரலுக்குக் கேடு.

வியாசர்பாடி பட்டறை:

அம்மா சொன்னது அத்தனையும் உண்மை. தொழிலில் இருபது ஆண்டுகளாக அடிபட்டுத் தெரிந்துகொண்டதை அவர் இரண்டு பத்தியில் எழுதிவிட்டார். நான் செய்முறையைச் சொல்கிறேன்.

துத்தநாகக் கம்பி பொய்யான சரக்கு அல்ல. அது 380 முதல் 400 டிகிரிக்குள் உருகும் துத்தநாக-அலுமினியக் கலவை. முறையாகச் செய்தால் பிடிக்கும். முதலில் அசிட்டோனால் எண்ணெய்ப் பசையைத் துடைக்க வேண்டும், பிறகுதான் ஸ்டெயின்லெஸ் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். வரிசையை மாற்றினால் எண்ணெயை உலோகத்துக்குள் தேய்த்தது போலாகும். அந்த பிரஷ்ஷை இரும்பின்மேல் ஒரு நாளும் பயன்படுத்தக் கூடாது. குழாயின்மேல் சாதாரணச் சோப்பால் ஒரு கோடு போடுங்கள். அடிப்பக்கத்திலிருந்து, குழாயை மட்டும் சூடேற்றுங்கள், கம்பியில் சுடர் படக் கூடாது. சோப்புக் கோடு கறுத்தால் தேவையான சூட்டை நெருங்கிவிட்டது என்று பொருள். சுடரை விலக்கிக் கம்பியை வைத்துப் பாருங்கள். குழாயின் சூட்டிலேயே அது உருக வேண்டும். இனி, பெரும்பாலோர் விட்டுவிடும் கட்டம்: உருகிய குட்டைக்கு அடியில் ஒரு ஸ்டெயின்லெஸ் கம்பியின் முனையை விட்டு உலோகத்தைக் கீறிவிட வேண்டும். குட்டைக்கு அடியில் காற்று இல்லாததால் கீறிய இடத்தில் தோல் மீண்டும் உருவாகாது. துத்தநாகம் நேராக அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கத்தையும் இப்படித் தனித்தனியாகப் பூசிய பிறகே சேர்த்து வைத்து மீண்டும் சூடேற்ற வேண்டும்.

பக்கத்து வீட்டு ஆர்க் இயந்திரத்துக்கு அலுமினிய எலெக்ட்ரோடு கிடைக்கிறது. நேர்மின்னோட்டத்தில், எலெக்ட்ரோடை நேர்முனையில் மாட்டி ஓட்ட வேண்டும். 3 மி.மீ.க்கு மேல் தடிமன் இருந்தால் அழகில்லாமல் ஒரு மாதிரியாகப் பிடிக்கும், 1.2 மி.மீ. குழாயில் ஓட்டை விழும், அவ்வளவுதான். அதன் கசடையும் வெந்நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லையென்றால் அதுவே உலோகத்தை அரிக்கும்.

உண்மையான வழி, மாறுமின்னோட்டம் தரும் டிக் (டங்ஸ்டன் முனையில் மின்வில் எழுப்பி, வாயுவின் காப்பில் வெல்டிங் செய்யும்) இயந்திரமும் சுத்தமான ஆர்கான் வாயுவும்தான். மின்னோட்டம் மாறி மாறி ஓடும்போது ஒரு பாதி ஆக்சைடுத் தோலை உரிக்கிறது, மறு பாதி உலோகத்தை உருக்குகிறது. ‘டிக்’ என்று எழுதி மலிவாக விற்கும் இயந்திரங்களில் பல நேர்மின்னோட்டம் மட்டுமே தருபவை. அலுமினியத்துக்கு என்று நம்பி வாங்கி ஏமாறாதீர்கள். உங்கள் குழாய்க்கு 50 ஆம்பியர் அளவில் போதும், ஆனால் கை பழகாதவருக்கு 1.2 மி.மீ. சுவர் மன்னிக்காது. பட்டறைக்கு அனுப்பினாலும் சரி, குளோரின் கலந்த கிரீஸ் நீக்கியால் துடைத்து அனுப்பிவிடாதீர்கள். ஆர்க் வெளிச்சத்தில் அதன் ஆவி பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும்.

என் கருத்து: மூலைகளை மட்டும் டிக் வெல்டிங் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதை நீங்கள் செய்யலாம்.

கொருக்குப்பேட்டை ஓமர்:

நான் வெல்டிங் அறியாதவன். முப்பது ஆண்டுகளாக ஓமர் என்ற பந்தயப் புறா வளர்ப்பவன். நீங்கள் அனைவரும் கம்பி ஒட்டுமா ஒட்டாதா என்று பேசுகிறீர்கள். துத்தநாகம் பறவைக்கு நஞ்சு என்பதை யாரும் சொல்லவில்லையே!

புறா தன் இரைப்பைக்காக மணலையும் சிறு கற்களையும் பொறுக்கித் தின்னும். பளபளவென்று கீழே விழுந்து கிடக்கும் துத்தநாக உருண்டை அதற்கு ஒரு நல்ல கல். இரைப்பையில் அரைபட்டு அமிலத்தில் கரைந்தால், பறவை இரை எடுக்காமல், பச்சையாகக் கழிந்து, நாளுக்கு நாள் மெலியும். புதிதாகத் துத்தநாக முலாம் பூசிய வலையை வாங்கி அப்படியே கூண்டில் அடித்துப் பறவைகளை இழந்தவர்கள் எங்கள் வட்டத்திலேயே இருக்கிறார்கள். வலையைக்கூடக் கெட்டியான பிரஷ்ஷும் வினிகரும் கொண்டு தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே அடிக்க வேண்டும். மூலைக்கு மூலை துத்தநாகத்தை உருக்கி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கல்மண்டபம் மாடிவீட்டுக்காரன்:

ஐயா, நல்ல வேளை சொன்னீர்கள். என் மூன்று முயற்சிகளும் நடந்தது கூண்டுக்குப் பக்கத்துத் தரையில்தான். உடனே மாடிக்குப் போய்ப் பெருக்கி எடுத்தேன். கடுகளவில் பதினோரு உருண்டைகள் கிடைத்தன. அந்தக் கம்பியைப் பற்றிய பேச்சு எனக்கு இத்துடன் முடிந்தது.

தண்டையார்பேட்டை ஜன்னல் சட்டகம்:

தம்பி, அந்தக் குழாயை நாங்கள் அன்றாடம் கையாள்கிறோம். யாரும் அதை உருக்கிச் சேர்ப்பதில்லை. ஒரு காரணம் சொல்கிறேன். 6063 குழாயின் பலம் தொழிற்சாலையில் அதைப் பதப்படுத்தியதால் வந்தது. நீங்கள் 400 டிகிரியில் துத்தநாகம் வைத்தாலும், பட்டறை அண்ணன் டிக் வெல்டிங் செய்தாலும், இணைப்பைச் சுற்றியுள்ள குழாய் அந்தப் பதத்தை இழந்து, ஏறத்தாழப் பாதி வலிமைக்கு வந்துவிடும். வெல்டிங் நிற்கும், அதன் ஓரத்தில் குழாய் மடங்கும்.

ரிவெட் அடியுங்கள். ஒவ்வொரு மூலைக்கும் 1.5 மி.மீ. அலுமினியத் தகட்டில் முக்கோணமாக மூலைத் தகடு வெட்டி, முன்னும் பின்னும் வைத்து, 4 மி.மீ. பாப் ரிவெட்டால் (துளையில் செருகி, நடுக்கம்பியை இழுத்தால் பின்பக்கம் மலர்ந்து பிடிக்கும் ஆணி) பிடித்துவிட்டால் அந்த மூலை அசையாது. துளை 4.1 மி.மீ.; நான்கு மி.மீ. பிட்டில் துளைத்துவிட்டு ரிவெட்டைச் சுத்தியால் தட்டி ஏற்றாதீர்கள். துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம் வரை குறைந்தது 8 மி.மீ. இருக்கட்டும், இல்லையென்றால் ஓரம் கிழியும். குழாய்ச் சுவர் 1.2, தகடு 1.5, ஆக 2.7 மி.மீ.; ரிவெட் பெட்டியின்மேல் எத்தனை மி.மீ. முதல் எத்தனை வரை பிடிக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள், அதற்குள் 2.7 வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரிவெட் நீளமாக இருந்தால் இன்னும் பலம் என்று நினைப்பது தவறு. நீளம் மிகுந்தால் பின்பக்கம் சரியாக மலராமல் ஆடும்.

ஒரு மூலையில் ஒரே ஒரு ரிவெட் வைத்தால் அது கீல்போலச் சுழலும். ஒவ்வொரு குழாய்க்கும் குறைந்தது இரண்டு கட்டாயம். துளைத்த உடனே பெரிய பிட்டை விரலால் சுழற்றிப் பிசிறை எடுத்துவிடுங்கள். பிசிறு இருந்தால் தகடும் குழாயும் ஒட்டி உட்காராது.

வியாசர்பாடி பட்டறை:

வலிமை குறையும் என்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மொட்டைமாடியில் ஆடியிலும் ஐப்பசியிலும் வீசும் காற்றில் கூண்டு இடைவிடாமல் நடுங்கும். நடுக்கத்தில் ரிவெட் துளை நாளடைவில் முட்டைபோல நீளும். பழைய பேருந்துகளின் உடல் தகட்டைப் பார்த்தவர்களுக்கு ரிவெட்டைச் சுற்றி வடியும் கறுப்புக் கோடு தெரிந்திருக்கும். அது தளர்ந்த ரிவெட் தேய்ந்து கக்கும் பொடி. அதற்கு என்ன பதில்?

காசிமேடு படகு:

பதில் பசையில் இருக்கிறது. நான் கண்ணாடியிழைப் படகுகளைப் பழுதுபார்ப்பவன்; எபாக்சி எனக்குத் தினசரிச் சோறு.

மூலைத் தகட்டின் உட்பக்கம் முழுவதும் அரால்டைட் போன்ற, மெதுவாக இறுகும் இருபொருள் பசையைத் தடவி, ஈரமாக இருக்கும்போதே ரிவெட் அடியுங்கள். விசையைப் பசை முழுப் பரப்பிலும் பகிர்ந்துகொள்ளும், துளையின் விளிம்பில் மட்டும் சுமை ஏறாது. பசையின் பலவீனம், ஒரு ஓரத்திலிருந்து உரித்தால் உரிந்து வந்துவிடும் என்பது. ரிவெட் அந்த உரிதலைத் தடுக்கும். ஒன்றின் குறையை மற்றது மூடும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையை வாங்காதீர்கள். வெயிலிலும் ஈரத்திலும் அது நம் ஊருக்குத் தாங்காது. மே மாதத்து மாடியில் உலோகம் கை வைக்க முடியாதபடி சுடும். எந்த எபாக்சியும் அந்தச் சூட்டில் சற்று இளகவே செய்யும், ஆகவே ரிவெட் இல்லாமல் பசையை மட்டும் நம்புவதும் கூடாது.

ஆசிரியை சொன்ன அதே தோல் பசைக்கும் எதிரி. அதை வெல்ல ஒரு வழி உண்டு: அசிட்டோனால் துடைத்து, 80ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் துடைத்து, பசையை மெல்லிய படலமாகத் தடவிய பிறகு, அந்த ஈரப் பசையோடேயே உப்புத்தாளால் இன்னொரு முறை தேயுங்கள். புதிதாகக் கீறப்படும் உலோகம் காற்றைப் பார்ப்பதற்கு முன்பே பசையைப் பார்த்துவிடும். பட்டறை அண்ணன் உருகிய குட்டைக்கு அடியில் கீறச் சொன்னாரே, அதே வித்தைதான். நகப்பூச்சு நீக்கியை அசிட்டோன் என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள். அதில் எண்ணெய் சேர்த்திருப்பார்கள்.

அடுத்தது உப்பு. கடைகளில் சாதாரணமாகக் கொடுக்கும் பாப் ரிவெட்டின் உடல் அலுமினியம், நடுக்கம்பி இரும்பு. அடித்த பிறகு கம்பியின் தலை உள்ளேயே தங்கிவிடும். ராயபுரத்துக் காற்றில் ஓர் ஆண்டுக்குள் ஒவ்வொரு ரிவெட்டின் நடுவிலிருந்தும் செந்நீர் வடியும். நடுக்கம்பியும் அலுமினியமாக உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். பிடிமானம் கொஞ்சம் குறைவு, ஆகவே மூலைக்கு ஒன்றிரண்டு கூடுதலாக அடியுங்கள். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்று அந்தத் திருகைப் போட்டால், திருகு புதிதாகவே இருக்கும், அதைச் சுற்றியுள்ள அலுமினியம் வெண்பொடியாக உதிரும். உப்பு ஈரம் நடுவில் நின்றால் இரண்டும் சேர்ந்து ஒரு மின்கலம். கரைவது எப்போதும் அலுமினியம்தான். கதவுக் கீலுக்குத் திருகு தவிர்க்க முடியாது என்றால் நைலான் வாஷரும் திருகின் உடலில் கெட்டி கிரீஸும் வையுங்கள்.

வியாசர்பாடி பட்டறை:

பசையோடு சேர்த்து என்றால் எனக்கு மறுப்பில்லை. கதவுச் சட்டத்தை மட்டும் கொண்டு வாருங்கள். தினமும் பத்து முறை திறந்து மூடுவது அது. கீல் உட்காரும் இடத்தில் 3 மி.மீ. பட்டையை டிக்கில் ஒட்டித் தருகிறேன்.

மூலக்கொத்தளம் புதியவர்:

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டு அலுமினியப் பிரஷர் குக்கரின் விளிம்பில் ஒரு விரிசல் இருக்கிறது. காசிமேடு நண்பர் சொன்ன பசையால் அதை அடைக்கலாமா?

வியாசர்பாடி பட்டறை:

கூடாது. பசையும் கூடாது, கம்பியும் கூடாது, வெல்டிங்கும் கூடாது. என்னிடம் கொண்டு வந்தாலும் செய்ய மாட்டேன். அழுத்தம் தாங்கும் பாத்திரத்தில் விரிசல் வந்தால் பழைய அலுமினியத்துக்கு எடைக்குப் போடுங்கள். ஸ்கூட்டர் பெட்ரோல் டேங்க் எடுத்து வருபவர்களுக்கும் இதே பதில்தான். காலியான டேங்கில் நிற்கும் ஆவி வெடிக்கும்.

கல்மண்டபம் மாடிவீட்டுக்காரன்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். கூண்டு நிற்கிறது.

மூலைத் தகடுகளைத் தண்டையார்பேட்டை அண்ணன் சொன்னபடியே வெட்டினேன். முதல் இரண்டு மூலைகளில் துளைகளைத் தனித்தனியாக அளந்து போட்டு, தகட்டின் துளையும் குழாயின் துளையும் ஒரு மி.மீ. விலகிப் போய், அவற்றைத் தூக்கி எறிந்தேன். பிறகு தகட்டில் மட்டும் முதலில் துளைத்து, அதைக் குழாயின்மேல் கிளாம்பால் இறுக்கி, தகட்டின் துளை வழியாகவே குழாயைத் துளைத்தேன். ஒரு துளை போட்டதும் அதில் ரிவெட்டை அடிக்காமல் சும்மா செருகி வைத்தால், அடுத்ததைத் துளைக்கும்போது தகடு நகராது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. உங்களுக்கெல்லாம் சொல்லத் தோன்றாத அளவுக்குப் பழகிப்போயிருக்கும் என்று நினைக்கிறேன். எல்லாத் துளையும் முடிந்த பின் பிரித்து, பிசிறெடுத்து, துடைத்து, பசையோடு உப்புத்தாள் தேய்த்து, ஒரே மூச்சில் ரிவெட் அடித்தேன். ரிவெட் கன்னின் கைப்பிடியை நூற்றுக்கணக்கான முறை அழுத்தியதில் உள்ளங்கை கன்றிப்போனது.

அலுமினிய நடுக்கம்பி ரிவெட்டைப் பாரிமுனையில் நான்கு கடை ஏறி இறங்கிய பிறகே வாங்க முடிந்தது. மூன்று கடைகளில் காந்தம் ஒட்டியது. ஆகவே சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தத்தோடு போகும்படி மற்றவர்களுக்குச் சொல்வேன்.

கைக்கு அடக்கமாக ஒரு மூலையைத் தனியாகச் செய்து, வைஸில் பிடித்து, ஒன்றரை அடி நீளக் குழாயால் நெம்பிப் பார்த்தேன். முதலில் மடங்கியது குழாய். இணைப்பு அப்படியே இருந்தது. அந்தத் துண்டை மேசைமேல் வைத்திருக்கிறேன்.

கதவுச் சட்டத்தைப் பட்டறை அண்ணன் செய்து கொடுத்துவிட்டார், கூலி வாங்க மறுத்துவிட்டார். கால்கள் சிமெண்டுத் தரையைத் தொடாமல் இருக்க அடியில் ரப்பர் துண்டு வைத்தேன். ஈரமான சிமெண்டின் காரம் அலுமினியத்தை அரிக்கும் என்று ஆசிரியை அம்மா தனியாக எழுதியிருந்தார். துளையிட்ட தூளையும் உடைந்த நடுக்கம்பிகளையும் பெருக்கி, ஈரத் துணியால் ஒருமுறை துடைத்து, பிறகுதான் புறாக்களை விட்டேன்.

கொருக்குப்பேட்டை ஓமர்:

வலையை வினிகரில் தேய்த்தீர்களா, இல்லையா? அதை எழுதவில்லையே.

கல்மண்டபம் மாடிவீட்டுக்காரன்:

தேய்த்தேன் ஐயா. வீடு முழுவதும் மூன்று நாள் ஊறுகாய் வாசனை.